வெயிலில் வைத்த கார்பன் காலிப்பர் கோணிவிட்டது. சூடு கொடுத்திருக்க வேண்டுமா?

வாலாஜா ஃபைபர் பட்டறை:

வணக்கம். வாலாஜாபேட்டையில் 24 வருடமாக ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி மூடி, செப்டிக் டேங்க், கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஐஸ்கிரீம் கோன், எது கேட்டாலும் செய்து கொடுப்பேன். பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி மேட்டும் எனக்குக் கைவந்த தொழில். எப்பாக்சி என்ற இன்னொரு வகை ரெசினையும் கார்பன் துணியையும் தொட்டது ஒரே ஒரு வேலைக்குத்தான். அதிலேயே மூக்கு உடைந்தது.

என் மைத்துனருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம். வலது காலுக்கு இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் இத்தனை வருடமும் நடந்தார். ஷூவோடு சேர்த்து நிறுத்தால் 2 கிலோ 300 கிராம். ராத்திரி அதைக் கழற்றி மூலையில் வைக்கும்போது தரையில் 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர் வீட்டில் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கார்பனில் ஓடு செய்துவிட்டு, முழங்கால் இணைப்பையும் பக்கப் பட்டைகளையும் மட்டும் இரும்பிலேயே விட்டால் எடை குறையுமே என்று எனக்கு ஓர் ஆசை.

மார்கழியில் உட்கார்ந்தேன். அவர் காலை பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணியை ஆறு அடுக்கு வைத்தேன். தொடை வளைவுக்குப் படிய வேண்டும் என்பதால் துணியைச் சாய்வாகத்தான் வெட்டினேன். ரெசின் 100-க்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 10, எடைக் கணக்கு, நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கலந்தேன். அச்சிலேயே மூன்று நாள் விட்டேன். பிரித்தெடுத்துத் தட்டினால் வெண்கலம் போலப் பேசியது. மொத்த எடை 1 கிலோ 400. பொங்கலுக்கு அதை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய், தோளில் கரும்போடு திரும்பி வந்தார்.

பிறகு வந்தது கத்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆட்டோவில் இரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போனார்கள். காலிப்பரோடு ஷூ சேர்ந்தே இருப்பதால் கோயிலுக்குள் மாட்டிக்கொண்டு போக முடியாது. கழற்றி ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு தரிசனத்துக்குப் போனார். வார்கள் தரையில் தொங்கிப் புரளக் கூடாது என்று வெற்று ஓட்டின்மேலேயே இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனதுதான் வினை. முக்கால் மணி நேரம். நிழலில் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் வெயில் திரும்பியிருக்கிறது. வந்து மாட்டப் பார்த்தால் தொடை உள்ளே நுழையவில்லை. முன்பக்கம் 6 சென்டிமீட்டர் திறந்திருக்க வேண்டிய வாய் 3 சென்டிமீட்டராகக் குறுகிவிட்டது. கையால் பிரித்தால் தடித்த ரப்பர் மாதிரி கொடுத்ததாம். சாயங்காலம் என்னிடம் கொண்டு வந்தபோது மறுபடியும் கல்லாக இருந்தது. தட்டினால் அதே வெண்கலச் சத்தம்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய இரும்புக் காலிப்பரை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

எப்பாக்சிக்குக் கடைசியில் சூடு கொடுக்க வேண்டும் என்று இப்போதுதான் படிக்கிறேன். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? எதில் வைத்து? வீட்டில் கேக் செய்யும் சின்ன அவன் இருக்கிறது, மனைவி தர மாட்டேன் என்கிறாள். ராணிப்பேட்டையில் பவுடர் கோட்டிங் போடுகிறவர் தெரிந்தவர்தான். இன்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா மகன், கார்பன்தான் மின்சாரம் கடத்துமே, வெல்டிங் செட்டின் இரண்டு முனையையும் ஓட்டில் கவ்வினால் தானாகச் சூடாகும் என்கிறான். கோணிய ஓட்டை நிமிர்த்த வழி உண்டா, இல்லை குப்பைதானா?


பள்ளிகொண்டா மோல்டிங்:

அண்ணா, ஹார்டனர் பற்றவில்லை. 10-க்குப் பதில் 13, 14 போடுங்கள், கல்லாகிவிடும். நாங்கள் மழைக்காலத்தில் கேட்டலிஸ்ட்டை இரண்டு சொட்டு ஏற்றித்தானே விடுகிறோம்?


ஓய்வுபெற்ற உலைக்காரன்:

பள்ளிகொண்டா தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அது பாலியெஸ்டர் கணக்கு. பாலியெஸ்டரில் நாம் விடும் கேட்டலிஸ்ட் வினையைத் தொடங்கி வைப்பதோடு சரி. ஒரு சதவீதமோ இரண்டோ, வேகம் மாறுமே தவிரப் பொருள் ஏறக்குறைய அதேதான். எப்பாக்சியில் ஹார்டனர் சுவருக்குள்ளேயே போய் உட்காரும் செங்கல். கூடப் போட்டால் ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, இறுக்கத்தைக் குறைக்கும். டப்பாவில் 10 என்றால் 10.

இனி வாலாஜாக்காரருக்கு. ராணிப்பேட்டை சிப்காட்டில் 31 வருடம் உலைகளோடு குப்பை கொட்டியவன் நான். கடைசி 12 வருடம் எப்பாக்சி உருப்படிகள்தான். உங்கள் வேலையில் குற்றம் இல்லை. ஓடு அரைவேக்காடு, அவ்வளவுதான்.

ரெசினும் ஹார்டனரும் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகப் பின்னிக்கொண்டே போகும். வலை இறுக இறுக, இன்னும் கைகோக்காமல் மிச்சமிருப்பவை நகர இடமில்லாமல் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். மார்கழி மாதத்து வாலாஜாவில், 25 டிகிரி அறையில், உங்கள் ஓட்டுக்கு நடந்தது இதுதான். மூன்று நாள் இல்லை, மூன்று மாதம் வைத்திருந்தாலும் அந்தக் குளிரில் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது. தட்டினால் மணியாய்ப் பேசும். அந்தச் சத்தத்தை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன்.

இப்படி அறைச் சூட்டில் இறுகிய எப்பாக்சி பொதுவாக 50, 60 டிகிரி வரைக்கும்தான் விறைப்பாக நிற்கும். அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் தளரும். நீங்கள் சொன்ன தடித்த ரப்பர். அந்த எல்லையைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள். உலைக்கூடத்தில் எங்களுக்கு அது டி.ஜி. கத்திரியில் நம் ஊர்க் காற்றே 41, 42 டிகிரி. நேர் வெயில் படும் கறுப்புப் பொருள் 70 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். ஓடு தளர்ந்த நேரத்தில் வார் இழுத்துப் பிடித்திருக்கிறது. நிழலுக்கு வந்ததும் இழுத்த வடிவத்திலேயே விறைத்துவிட்டது. கார்பன் நூல் இதில் நிரபராதி. அதற்கு இந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தளர்ந்தது பிசின்.

ஆகவே அந்த வெயில் கொடுக்கும் சூட்டைவிட அதிகச் சூட்டை, ஓடு அச்சைவிட்டு இறங்குவதற்கு முன்னால் நீங்களே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் முழுக்க அறைச் சூட்டில் விடுங்கள். மறுநாள் 50 டிகிரியில் இரண்டு மணி நேரம், 60-இல் இரண்டு, 70-இல் இரண்டு, 80-இல் ஐந்தாறு மணி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குப் பத்து டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் வலை இன்னும் கொஞ்சம் பின்னிக்கொண்டு டி.ஜி.யும் ஏறும், சூடு அதை முந்தவே கூடாது. நேராக 80-க்குத் தூக்கிப் போட்டால் ஓடு உலைக்குள்ளேயே துவண்டுவிடும். முடிந்ததும் கதவைப் படாரென்று திறக்காதீர்கள். 40-க்கு இறங்கும்வரை மூடியே கிடக்கட்டும். நான் சொல்வது பொதுக் கணக்கு. உங்கள் ரெசினுக்கான தகவல் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் வேதம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், எல்லாரும் சறுக்கும் இடம் இது. உலைக் காற்றின் சூடு வேறு, உருப்படியின் சூடு வேறு. உங்கள் அச்சு ஆறேழு கிலோ பிளாஸ்டர். காற்று 60 காட்டும்போது பிளாஸ்டரை ஒட்டிய உள் அடுக்கு 40-இல் தூங்கிக்கொண்டிருக்கும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒயரின் நுனியை ஓட்டின் விளிம்பில், வெட்டி எறியப்போகும் பகுதியில், பிளாஸ்டர் பக்கமாக ஒட்டி வையுங்கள். இரண்டு மணி நேரத்தை அது 60 தொட்ட பிறகு எண்ணத் தொடங்குங்கள். பிளாஸ்டர் ஈரமாக இருந்தால் நீராவி கிளம்பி உள் அடுக்கில் கொப்புளம் தரும், முன்னதாகவே நன்றாகக் காய வையுங்கள். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அதே அச்சை 80-இல் வைத்தால் பிளாஸ்டர் மாவாக உதிரத் தொடங்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பவுடர் கோட்டிங் உலை வேண்டாம். அவர் 180, 200-இல் ஓட்டுகிறவர்; உங்களுக்காக ஒரு நாள் முழுக்க 80-இல் காத்திருக்க மாட்டார். நாலு டிரம் உள்ளே போகும்போது உங்கள் ஓடும் சேர்ந்து போய்விடும். வீட்டு அவன் விஷயத்தில் அம்மா சொல்வதே சரி. எப்பாக்சி வெந்த அடுப்பில் அப்புறம் தின்பண்டம் வேகக் கூடாது.

மருமகனின் வெல்டிங் செட் யோசனை புத்திசாலித்தனமானதுதான், கார்பனுக்குள் மின்சாரம் விட்டுச் சூடாக்கும் முறை உலகத்தில் இருக்கவும் செய்கிறது. ஆனால் கவ்விய இடத்தில் தொடர்பு சீராக இருக்காது. அங்கே பொசுங்கும், நடுவே பச்சையாக இருக்கும். ஆறு அடுக்கில் எது எவ்வளவு கடத்துகிறது என்று யாருக்குத் தெரியும்? வெல்டிங் செட் கிரில் கதவுக்கே இருக்கட்டும்.

கோணிய ஓட்டைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். முதலில் பின்னிய வலைக்குத் தன் பழைய வடிவம் நினைவில் இருக்கும். வாரையெல்லாம் கழற்றிவிட்டு, எதுவும் அழுத்தாமல் தளரும் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதி தானே திரும்பும். ஆனால் காலில் மாட்டுவதற்கு அது வேண்டாம். கோணியபோது அடுக்குகள் உள்ளே எங்கேயாவது விட்டிருக்கலாம். வெளியில் தெரியாது.


காட்பாடி மாடி வீடு:

சார் சொன்ன கணக்கில்தான் நானும் போகிறேன். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களின் கால், கை உடைந்தால் மொட்டைமாடி ஷெட்டில் சரிசெய்து தருகிறேன். உங்களுக்கு வேண்டியது பல்பு பெட்டி. என்னுடையதைச் சொல்கிறேன்: 12 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே முழுக்க அலுமினியத் தாள், வெளியே கண்ணாடிக் கம்பளி சுற்றிச் சாக்கு. நான்கு 100 வாட் குண்டு பல்பு. இப்போது கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். லாங்கு பஜாரில் நாலு கடை ஏறி, கோழிக்குஞ்சுக்கா என்று கேட்டுத்தான் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். உள்ளே காற்றைச் சுழற்ற ஒரு சின்ன விசிறி கட்டாயம். இல்லாவிட்டால் மேலே 85, கீழே 60. பல்பு ஓட்டை நேராகப் பார்க்கக் கூடாது, நடுவே ஒரு தகரத்தை மறைப்பாக வையுங்கள். கறுப்பு நேர்ச் சூட்டை அப்படியே குடிக்கும்.

தெர்மோகோல் பெட்டியில் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். 80-க்குப் பக்கத்திலேயே தெர்மோகோல் சுருங்க ஆரம்பித்துவிடும். கேட்காதீர்கள்.

இனி என் அவமானக் கதை. போன வருடம் ஒரு ட்ரோன் கையை உள்ளே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். சூட்டை அளக்கும் சென்சார் ஒயரை டேப் போட்டுத்தான் ஒட்டியிருந்தேன். சூட்டில் டேப் பசை விட்டு, ஒயர் நழுவிக் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்துப் பல்புகளை ஏற்றி அணைக்கும் கன்ட்ரோலர் பாவம், மொட்டைமாடிக் காற்றை அளந்துகொண்டு 38, 38 என்று காட்டியது. இன்னும் சூடு வேண்டும் போலிருக்கிறது என்று நான்கு பல்பையும் அணைக்காமல் எரித்தது. நான் வந்து பார்த்தபோது சாக்கிலிருந்து புகை. உள்ளே கையின் நடுவில் வைத்திருந்த நுரைக் கட்டை பொரித்த அப்பளமாகச் சுருண்டு கிடந்தது. அன்றைக்கே கெய்சருக்குப் போடும் தெர்மோஸ்டாட் ஒன்றை 95 டிகிரிக்கு வாங்கி, கன்ட்ரோலருக்குச் சம்பந்தமே இல்லாமல் மெயின் லைனிலேயே கோத்துவிட்டேன். சென்சார் பொய் சொன்னாலும் அது வெட்டிவிடும். ஒயரை டேப்பில் ஒட்டாதீர்கள், கட்டுக் கம்பியால் கட்டுங்கள். அசிட்டோன் துடைத்த கந்தலைப் பெட்டிக்கு அருகில் போடவே போடாதீர்கள்.

நடுவில் கரண்டு போனால் பயப்பட வேண்டாம், எதுவும் கெடாது. வந்ததும் உருப்படி எந்தச் சூட்டில் இருக்கிறதோ அங்கிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

இன்னொன்று. கோடையில் ரெசின் கலப்பதை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. மார்கழியில் அரை மணி தாங்கிய கலவை மதியம் பத்து நிமிடத்தில் மக்கில் புகைய ஆரம்பிக்கும். அகலத் தட்டில் ஊற்றி, 150 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல் செய்யுங்கள்.


பேரணாம்பட்டு தோல்வார்:

காலிப்பருக்கு வார் தைக்கிறவன் நான். ரெசின் எனக்குத் தெரியாது. வார் பற்றி ஒரு சொல். கால் இல்லாத ஓட்டில் வாரை இறுக்கவே கூடாது, இரும்போ பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. கழற்றியதும் நுனியை மட்டும் வளையத்தில் கோத்துவிட வேண்டும். உள்ளே நுழைத்து வைக்கத் தேங்காய் நார் அடைத்த ஒரு துணி உருளை தைத்துக் கொடுங்கள்.

ஓட்டில் அலுமினிய ரிவெட் அடித்திருந்தால் பிடுங்குங்கள். கார்பனும் அலுமினியமும் நடுவே வியர்வையும் சேர்ந்தால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். ஒரு வாடிக்கையாளர் கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன், விரலால் தள்ளினால் ரிவெட் வெளியே வந்தது. எவர்சில்வர் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் செய்தது தொட்டி மூடி அல்ல. முழங்கால் பூட்டு எங்கே விழ வேண்டும், தொடையின் உச்சியில் ஓடு எங்கே முடிய வேண்டும் என்பதில் விரற்கடை தவறினால் புண் வரும், இடுப்பு கெடும். நம் வேலூரிலேயே பாகாயத்தில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மா காலத்தில், 1966-இல், திறந்த மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. இந்தியாவின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து காத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ். ஓட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.


வாலாஜா ஃபைபர் பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, காரணம் பல்பு பெட்டி. காட்பாடி சகோதரி சொன்னபடியே செய்தேன். தனி தெர்மோஸ்டாட்டும் போட்டாயிற்று. கதவில் மட்டும் நம் கைவேலையாக ஒரு கண்ணாடிச் சதுரம் பதித்துக்கொண்டேன்.

முதலில் கோணிய ஓட்டைத்தான் வைத்தேன். வார், ரிவெட் எல்லாம் கழற்றிவிட்டு, நாலு மரக்கட்டைமேல் மல்லாத்தி. (ரிவெட் அலுமினியம்தான். இரண்டைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தது. நாலே மாதத்தில்.) வாயின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸில் கோடு போட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 50 வரைக்கும் ஓர் அசைவும் இல்லை. 60-ஐத் தாண்டியதும் அக்கா மகன்தான் முதலில் கவனித்தான், "மாமா, கோடு நகர்கிறது" என்றான். யாரும் தொடவில்லை. தூங்கி எழுந்தவர் கையை விரிப்பதுபோல அவ்வளவு நிதானமாக வாய் திறந்தது. 70-இல் முக்கால் மணி நேரம் விட்டு ஆறவைத்து அளந்தேன். 5 சென்டிமீட்டரும் 4 மில்லிமீட்டரும். மிச்சம் 6 மில்லிமீட்டர் திரும்பவே இல்லை. ஐயா சொன்னபடி அதைக் காலில் மாட்டப் போவதில்லை, பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

புதிய ஓட்டுக்கு முன்னால் எனக்கே ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. அதே துணி, அதே சாய்வு வெட்டு, ஆறு அடுக்கு, ஓர் அங்குல அகலத்தில் இரண்டு பட்டிகள். ஒன்றுக்கு 80 வரை முழுப் படியும் ஏற்றினேன், இன்னொன்று அறைச் சூட்டோடு சரி. மொட்டைமாடியில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலமாக வைத்து, ஆளுக்கு ஒரு 200 கிராம் எடைக்கல்லை நடுவில் ஏற்றி, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் விட்டேன். நிழலில் ஆறவைத்து எடைக்கல்லை எடுத்த பிறகு, சூடு காணாத பட்டியில் 9 மில்லிமீட்டர் தொய்வு நின்றுவிட்டது. மற்றதன் அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு தாள் நுழையும் இடைவெளி. இரண்டையும் தட்டினேன். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

புதிய ஓடு போன வியாழக்கிழமை அச்சிலிருந்து இறங்கியது. 70-இல் இருக்கும்போது கரண்டு போய் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. பெட்டிக்கு முன்னால் விசிறியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மனைவி, பிரசவ வார்டு வாசலில்கூட நான் இப்படி உட்காரவில்லை என்றாள்.

பேரணாம்பட்டு ஐயா, பாகாயம் போய் வந்தோம். தொடை உச்சியில் உட்பக்கம் ஒரு விரல் அகலம் குறைக்கச் சொன்னார்கள், பூட்டை 8 மில்லிமீட்டர் பின்னால் தள்ளச் சொன்னார்கள். அதாவது மார்கழியில் நான் செய்தது வெயில் படாவிட்டாலும் தப்புதான். குறைத்துவிட்டேன், எவர்சில்வர் ரிவெட்டும் அடித்தாயிற்று. பூட்டைத் தள்ள ஓட்டில் புதிய துளைகள் வேண்டும். பழைய துளைகளைக் கார்பன் வைத்து அடைக்கலாமா, அடைத்த இடத்துக்கு மறுபடியும் 80 வரை ஏற்ற வேண்டுமா? உலைக்கார ஐயா பார்த்தால் சொல்லுங்கள். பெட்டி சும்மாதான் இருக்கிறது.


ஓய்வுபெற்ற உலைக்காரன்:

அடைக்கலாம். துளையின் வாயை இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்த்து அகலமாக்கிவிட்டு, நறுக்கிய கார்பனை எப்பாக்சியில் பிசைந்து திணித்து, மேலே இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடுக்கு துணி. தேய்க்கும்போது மூக்குக்குக் கவசம் போடுங்கள். அந்தத் தூள் கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது, மின்சாரம் கடத்தும், ஃபியூஸ் அடிக்கும். சூடு மறுபடியும் முழுப் படியும்தான். ஒட்டு புதிது, அதற்கு வெயில் தெரியாது. ஆனால் ஓடு இப்போது 80 பார்த்தது என்பதால் அச்சு இல்லாமலேயே கட்டை மேல் மல்லாத்தி வைக்கலாம். வாரைக் கட்டாமல்.